அம்சவேணி சிஸ்டரின் இரண்டு வரிசைகள்

அம்சவேணி சிஸ்டர் நகரி நெசவுக் குடும்பத்தில் பிறந்தவர். சித்தூரில் அவர் வேலை பார்த்த ஆஸ்பத்திரியில் நான் ரெக்கார்டு குமாஸ்தா. அப்போதெல்லாம் குடலிறக்க ஆபரேஷன் ஆனவர்களைப் பத்து நாள் அசையாமல் படுக்க வைப்பார்கள். மறுநாளே நடந்தால் சீக்கிரம் தேறுகிறார்கள் என்று ஒரு செவிலியர் பத்திரிகையில் படித்த சிஸ்டர், அதை டாக்டர் தாமோதரனிடம் காட்டினார்.

“தையல் பிரிஞ்சா உங்க பத்திரிகையா வந்து தைக்கும்?”

“நம்ம வார்டுலயே பார்த்துடலாம் சார். வர்றவங்கள ஒருத்தர் விட்டு ஒருத்தரா பிரிச்சிடறேன். இடது வரிசை நடக்கட்டும், வலது வரிசை படுக்கட்டும். தேறினவங்கள அன்னிக்கே வீட்டுக்கு அனுப்பிடலாம்.”

“மூணு மாசம். வித்தியாசம் இல்லேன்னா அந்தப் பத்திரிகை இந்த வார்டுக்குள்ள வரக்கூடாது.”

1955 பிப்ரவரி 14, திங்கட்கிழமை தொடங்கியது. மே 14இல் முடிந்தது. இடது வரிசை இருபது பேர், ஆஸ்பத்திரியில் தங்கியது எல்லாம் கூட்டி 148 நாள். வலது வரிசை இருபது பேர், 150 நாள். தையல் ஒருவருக்கும் பிரியவில்லை.

“நடந்தவனும் ஒண்ணு, படுத்தவனும் ஒண்ணு” என்றார் டாக்டர். சிஸ்டர் பத்திரிகையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

முந்தைய ஆண்டின் அதே மூன்று மாதப் பதிவேட்டை நான் எடுத்து வைத்தேன். இருபது பேர், 246 நாள். அதைப் பார்த்ததும் சிஸ்டர், வார்டு பெருக்கும் துலுக்காணத்தைக் கூப்பிட்டார்.

“வலது வரிசை படுத்துக்கினுதானே இருந்தாங்க?”

“நீ இருக்கசொல்ல படுத்துக்கினுதாம்மா இருப்பாங்க.”

“நான் இல்லாதப்போ?”

“இடது பக்கம் போய் சண்ட போட்டுக்கினு இருப்பாங்க.”

“இன்னாத்துக்கு?”

“திருத்தணி மதராசுக்கா, ஆந்திராவுக்கான்னுதான்.”

எல்லைத் தகராறு உச்சத்தில் இருந்த வருஷம் அது. மல்லாந்து படுத்துக்கொண்டு யாரால் வாதாட முடியும்? வலது வரிசையில் இருந்த நகரி செங்கல்வராயன் ஆபரேஷனுக்கு மறுநாளே தையலைக் கையால் பிடித்துக்கொண்டு எதிர்க் கட்டிலுக்குப் போயிருக்கிறார். “முருகன் இன்னா தெலுங்கா பேசினாரு?” என்று கேட்டிருக்கிறார். அங்கே இருந்த பாகாலா தெலுங்குக்காரர் விடவில்லை. “திருப்பதிய கேட்டீங்களே, ஏழுமலையான் உங்களாண்ட தமிழா பேசினாரு?”

“அப்போ ரெண்டு வரிசையும் நடந்திருக்கு சார். மெய்யா படுத்தவங்க போன வருஷப் பதிவேட்டுலதான் இருக்காங்க” என்றார் சிஸ்டர்.

டாக்டர் இரண்டு பதிவேடுகளையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு உத்தரவு எழுதச் சொன்னார். எண் 41. ஆபரேஷனுக்கு மறுநாள் முதல் எல்லாரும் நடக்க வேண்டும். வார்டில் எல்லைப் பேச்சு கூடாது.

மறுநாள் காலை ஒருவரும் எழுந்திருக்கவில்லை.

“எயுந்து இன்னாம்மா பண்றது? பேசத்தான் கூடாதாமே” என்றது ஒரு கட்டில்.

டாக்டரின் கார் கேட்டைத் தாண்டும்வரை சிஸ்டர் ஜன்னலருகே நின்றார். பிறகு வார்டின் நடுவே வந்து, யாரையும் பார்க்காமல் சொன்னார்: “திருத்தணி ஆந்திராவுக்கே இருந்துட்டு போவட்டுமே. திருப்பதிய மதராசுக்கு குடுத்துட்டா தீந்துது.”

பன்னிரண்டு பேரில் பதினொருவர் எழுந்து நின்றார்கள். மீதி ஒருவர் கோலார்க்காரர். அவரை எந்த ஊரைச் சொல்லி எழுப்புவது என்று சிஸ்டர் என்னிடம் வந்து கேட்டார்.