தடிக்கம்பிக்காரன்

மெல்லிசைக் கச்சேரியில் பேஸ் கிட்டார் வாசிக்கிறவனை ஜனங்கள் திரும்பிப் பார்ப்பது, அவனுடைய வயர் தடுக்கி யாராவது விழும்போது மட்டும்தான். பாடுகிறவருக்குக் கைதட்டு, கீபோர்டுக்குப் பாராட்டு, தாளத்துக்கு ரிதம் பேட் அடிக்கிறவருக்கு விசில். பின்னால் தடித்த கம்பியில் ‘டும் டும்’ என்று நிற்கிறவனுக்குக் கடைசிப் பந்தியில் மிச்சமிருந்தால் ஒரு வடை. பள்ளிக்கூட நாடகத்தில் திரை இழுக்கிறவர்களே, யாரோ கையெழுத்துப் போடப்போகும் கடிதத்தை உட்கார்ந்து எழுதுகிறவர்களே, நீங்களெல்லாம் என் இனம். உங்களுக்குச் சொன்னால்தான் இது புரியும்.

எனக்குப் பாளையங்கோட்டை. கோயில் கொடைத் திருவிழா, சர்ச் அசன விருந்து, கல்யாண ரிசப்ஷன் என்று இந்த வட்டாரம் முழுக்கப் பல வருடமாக வாசித்துக்கொண்டிருக்கிறேன். குறைப்பட்டுக்கொள்ள உட்காரவில்லை. போகவிருந்த பிழைப்பு போகாமல் நின்றதைச் சொல்லத்தான் வந்தேன். அதற்கு முன்னால் சில சில்லறை விஷயங்கள்.

திறமை

சேரன்மகாதேவியில் ஒரு கல்யாண ரிசப்ஷன். பெண்ணுக்குப் பெரியப்பா முறை வேண்டும் ஒருவர், முன்வரிசையில் நாற்காலியை என் பக்கமாகத் திருப்பிப் போட்டு உட்கார்ந்துகொண்டார். பாடுகிற பெண்ணைப் பார்க்கவில்லை, மாப்பிள்ளை பெண்ணைக்கூடப் பார்க்கவில்லை. வைத்த கண் வாங்காமல் என் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குத் தலைகால் புரியவில்லை. நம்மையும் கவனிக்க ஒரு மனிதர் பிறந்துவிட்டாரே என்று, அன்றைக்கு எனக்குத் தெரிந்த வித்தையை எல்லாம் இறக்கினேன்.

இடைவேளையில் கையில் ஒரு கலர் பாட்டிலோடு என்னைத் தேடி வந்தார். சாதாரண கிட்டாருக்கு ஆறு கம்பி, பேஸ் கிட்டாருக்கு நாலு கம்பிதான் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கலாம். அவருக்குத் தெரியாது. பாட்டிலை என் கையில் திணித்துவிட்டு, யாருக்கும் கேட்காமல் காதோடு காதாகச் சொன்னார்: “ரெண்டு கம்பி அந்துபோயும் ஒருத்தருக்கும் தெரியாம கடைசி வரைக்கும் சமாளிச்சீரே, அது திறமைவே!”

அட்டை இல்லாத கேசட்

நான் சோல், ஃபங்க் பைத்தியம். அமெரிக்காவில் கறுப்பின மக்கள் சர்ச்சிலிருந்து எடுத்துக்கொண்டு வந்து, தெருவில் ஆடவிட்ட பாட்டு அது. சோல் என்றால் பாடுகிறவர் நெஞ்சைப் பிளந்து காட்டுவார். ஃபங்க் என்றால் பேஸ்தான் ராஜா. ஒரே ஒரு சின்ன வரியை எடுத்துக்கொண்டு சுற்றிச் சுற்றி வாசிக்க வேண்டும். ஒவ்வொரு சுற்றிலும் முதல் தட்டில் எல்லோரும் ஒன்றாக வந்து விழ வேண்டும். நடுவில் யார் எப்படிப் போனாலும் சரி, அந்த முதல் தட்டில் ஆள் ஆஜராகிவிட வேண்டும்.

இதை எனக்குக் கொடுத்தவர் தூத்துக்குடி ரொசாரியோ அண்ணன். கப்பலில் வேலை பார்த்தவர். எந்தத் துறைமுகத்திலோ வாங்கிய கேசட் ஒன்றை, அட்டை தொலைந்துபோனதால் வேண்டாம் என்று என்னிடம் தந்தார். பாடியவர் யார், வாசித்தவர் யார், ஒன்றும் தெரியாது. நாடா அறுந்து, ஒட்டி, மறுபடி அறுந்து போகிற வரைக்கும் கேட்டேன். இப்போது போனிலேயே ஆயிரம் பாட்டு கிடைக்கிறது. ஆனாலும் எனக்கு வாத்தியார் பேர் தெரியாத அந்த மனிதர்தான். சர்ச்சில் கீர்த்தனைக்கு வாசிக்கும்போதுகூட அவர் விரல் என் விரலுக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

என் மனைவி ஜாய்ஸ் பள்ளிக்கூட ஆசிரியை. கல்யாணமான புதிதில் அவளைப் பக்கத்தில் உட்காரவைத்து, அதில் எனக்கு உயிரான ஒரு பாட்டைப் போட்டுக் காட்டினேன். கண்ணை மூடிக் கடைசி வரை கேட்டாள். பிறகு நிஜமான அனுதாபத்தோடு கேட்டாள்: “பாவம், ஒரே வரியவே சொல்லிக்கிட்டு இருக்காரே, மிச்சப் பாட்டு அவருக்கு மறந்துபோச்சாங்க?”

முழங்கை

எங்கள் கச்சேரி வீடியோ எதையாவது எடுத்துப் பாருங்கள். ஓரத்தில் ஒரு முழங்கை தெரியும். அதுதான் நான். ஒரு கொடையில் வீடியோ எடுக்க வந்த தம்பியிடம், எங்கள் வீட்டிலும் பார்ப்பார்கள், ஒரு தடவையாவது முகத்தைக் காட்டப்பா என்று கேட்டுவிட்டேன். அவன் நல்ல பிள்ளை. கேமராவை இறக்கி வைத்துவிட்டு யோசித்துத்தான் பதில் சொன்னான்: “பாடுதவங்களுக்கு வாய் அசையுது, பேட் அடிக்கிறவருக்குக் கை அசையுது. நீங்க ஒண்ணுமே அசைய மாட்டேங்கியளே அண்ணே, நான் எத எடுக்க?”

தரை தள்ளிய கதை

சாத்தான்குளத்துக்குப் பக்கத்தில் ஒரு ஊரில் முத்தாரம்மன் கோயில் கொடை. கொடைக் கச்சேரியில் சினிமாப் பாட்டுக்கு முன்னால் பக்திப் பாட்டுதான் வரும். அம்மன் பாட்டு உச்சத்துக்குப் போகும்போது கூட்டத்தில் யாருக்காவது சாமி வரும். வந்துவிட்டால் பாட்டை நிறுத்தக் கூடாது. சாமி ஆடி முடித்து இறங்குகிற வரைக்கும், பாட்டு எழுதியவர் என்றைக்கோ முடித்துவிட்ட பாட்டை நாங்கள் முடிக்காமல் வாசித்துக்கொண்டே இருக்க வேண்டும். இது எழுதாத சட்டம்.

அன்றைக்குச் சாமி வந்தது செல்லத்துரை அண்ணாச்சிக்கு. அந்த ஊரில் மளிகைக் கடை வைத்திருக்கும் அமைதியான மனிதர். பாடகர் சரணத்தை எல்லாம் பாடித் தீர்த்துவிட்டார். கீபோர்டு தம்பி ஒரே கட்டையை அழுத்திக்கொண்டு முழித்தான். எனக்கோ கொண்டாட்டம். ஒரே வரி, சுற்றிச் சுற்றி, ஆள் ஆடுகிற வரைக்கும்! இதைத்தானே அந்தக் கேசட்காரர் எனக்குச் சொல்லிக் கொடுத்தார்? பேட் அடிக்கும் மேலப்பாளையத்து மைதீனைப் பார்த்தேன். அவன் சிரித்தான். ரெண்டு பேரும் முதல் தட்டில் சேர்ந்து விழுந்தோம். பனங்காட்டு நடுவில், வேப்பிலைக்கும் மஞ்சள் தண்ணிக்கும் மத்தியில், நான் ஃபங்க் வாசித்தேன். சாமி ஆடோ ஆடு என்று ஆடியது. என் வாசிப்புக்கு ஒருவர் ஆடி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

சாமி இறங்கியதும் அண்ணாச்சி துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு மேடைக்குப் பின்னால் சோடா குடிக்க வந்தார். எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். கடைசியில் என் கிட்டாரிடம் வந்து நின்றார். “இதுதானாவே அது? காலத் தூக்குமுன்ன தரை என்னையத் தள்ளிவிட்டுச்சே!”

புது ஆள்

எங்கள் குழுத் தலைவர் பரமசிவம் அண்ணாச்சி தங்கமான மனிதர். எத்தனையோ மழைக்காலத்தில், கச்சேரி இல்லாதபோதும் எங்கள் வீட்டில் அடுப்பெரிய அவர்தான் காரணம். ஆனால் அந்தக் கொடைக்கு அடுத்த வருடம் அவருக்கும் நெருக்கடி. பெரிய குழுக்களைக் கூப்பிட ஊர்க்காரர்களுக்குக் கட்டுப்படியாகவில்லை. எல்லா இடத்திலும் ஆளைக் குறைக்கிறார்கள். அண்ணாச்சி ஒரு லேப்டாப் வாங்கினார். பாட்டுக்கான பேஸ் எல்லாம் அதிலேயே பதிந்து வருகிறது. பொத்தானைத் தட்டினால் போதும்.

என்னைத் தனியாகக் கூப்பிட்டார். இந்தக் கொடை சீசனோடு சரி, அதுவரைக்கும் வயர் இழுக்க, பாக்ஸ் தூக்க வா என்றார். எனக்கு வேறு தொழில் தெரியாது. இந்த வயதில் யாரிடம் போய்க் கிட்டாரோடு நிற்பது? லேப்டாப்பை விட நான் நன்றாக வாசிப்பேனே அண்ணாச்சி என்று மட்டும்தான் கேட்க முடிந்தது. அவர் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: “அது எனக்குத் தெரியாதா சாமுவேலு? ஆனா நீரு வாசிக்கது நம்மள விட்டா யாருக்குவே கேக்குது?”

வயர் பிடித்த மாலை

வந்தது அதே முத்தாரம்மன் கோயில் கொடை. நான் மேடைக்குக் கீழே வயர் சுருட்டிக்கொண்டிருந்தேன். பழக்கதோஷத்தில் கிட்டாரையும் வேனில் போட்டுக்கொண்டு வந்திருந்தேன். அதை வீட்டில் விட்டுவர மனசு கேட்கவில்லை. மேலே, நான் வழக்கமாக நிற்கிற இடத்தில், ஒரு ஸ்டூல். ஸ்டூல் மேல் லேப்டாப்.

அம்மன் பாட்டு ஆரம்பித்தது. பேஸ் சுத்தமாகத்தான் வந்தது, பொய் சொல்லக் கூடாது. கூட்டத்துக்குள் செல்லத்துரை அண்ணாச்சி எழுந்தார். பெண்கள் குலவையிட்டார்கள். சாமி ஆட ஆரம்பித்துச் சூடு பிடிக்கிற நேரத்தில் பாட்டு முடிந்தது. லேப்டாப்புக்குச் சாமி தெரியுமா, சட்டம் தெரியுமா? அடுத்த நொடி தானாகவே அடுத்த பாட்டுக்குத் தாவிவிட்டது. அது பனிமலையில் பாடுகிற காதல் டூயட். கீபோர்டு தம்பி பதறிப்போய் மறுபடி அம்மன் பாட்டைத் தட்டினான். அது முதலிலிருந்து தொடங்கியது. ஸ்டுடியோவில் யாரோ ‘ஒன், டூ, த்ரீ, ஃபோர்’ என்று எண்ணும் குரல் கொடை முழுக்கக் கேட்டது.

சாமி ஒற்றைக் காலைத் தூக்கியபடி அப்படியே நின்றுவிட்டது. மைதீன் மட்டும் விடாமல் அடித்துக்கொண்டிருந்தான். சாமி அசையவில்லை. கொடைக்கு வரி கொடுத்த ஊர் வரிதாரர்கள் முகத்தில் ரத்தமில்லை. ஊர்க் கொடையில் சாமி பாதியில் நின்றால் அந்தக் குழுவை அடுத்த வருடம் எந்த ஊரும் கூப்பிடாது. பரமசிவம் அண்ணாச்சி மைக்கைப் பிடித்தபடி வேர்த்து நின்றார். எனக்கு வேலை போனதெல்லாம் மறந்துவிட்டது. எல்லார் பிழைப்பும் போகப்போகிறதே என்றுதான் இருந்தது. சாமி வேப்பிலையை லேப்டாப் பக்கம் நீட்டியது. “பொட்டியக் காட்டி என்னைய ஏய்க்கியளால? போன வருசம் தடிக்கம்பி தட்டினவன் எங்க? அவன வரச் சொல்லுலே!”

லேப்டாப் போன இடம்

பரமசிவம் அண்ணாச்சி மேடையிலிருந்தே என்னைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். வேனுக்கு எப்படி ஓடினேன், எப்படி மேலே ஏறினேன், தெரியாது. ஸ்டூலை யாரோ தூக்கி ஓரத்தில் வைத்தார்கள். ஒரு வருடமாக எனக்குள் சுற்றிக்கொண்டிருந்த வரியை எடுத்தேன். கேசட்டின் இரண்டாம் பக்கத்து வரி. ரெண்டு சுரம், ஒரு இடைவெளி, மறுபடி ரெண்டு சுரம். மைதீன் காத்திருந்து முதல் தட்டில் என்னோடு வந்து சேர்ந்தான். தூக்கிய கால் தரையில் விழுந்தது.

அப்புறம் சாமி ஆடியதை அந்த ஊரில் இன்றைக்கும் சொல்கிறார்கள். சேலை நுனியை இடுப்பில் செருகிக்கொண்டு பெண்களும் ஆடினார்கள். எனக்கு அழுகை வந்தது. வாசித்துக்கொண்டே அழுதேன், சந்தோஷத்தில். இருபது வருடமாக யாரும் கேட்கவில்லை என்று நினைத்ததை இத்தனை கால்கள் கேட்டுக்கொண்டிருக்கின்றன என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

கச்சேரி முடிந்து வேன் ஏறும்போது பரமசிவம் அண்ணாச்சி நெற்றி நிறைய அம்மன் பிரசாத மஞ்சணையோடு வந்தார். என் கையிலிருந்த வயரைப் பிடுங்கித் தானே சுருட்டினார். “லேப்டாப்ப எம்மவ படிக்கதுக்குக் குடுத்திருதேன். அம்மன் கேட்ட பொறவு நான் எதுத்துப் பேச முடியுமாவே?”

ஐயர் சொன்னது

ஊரெல்லாம் பரவிய பேச்சு சர்ச்சுக்கு வராமல் இருக்குமா? எங்கள் சபையில் போதகரை ஐயர் என்போம். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து ஐயர் என்னை நிற்கச் சொன்னார். ஜாய்ஸ் என் சட்டையைப் பின்னாலிருந்து இழுத்தாள். இத்தனை வருடம் கீர்த்தனைக்கு வாசித்தவனுக்கு முத்தாரம்மன் சிபாரிசில் வேலை கிடைத்தது என்றால் ஐயர் என்ன சொல்வாரோ என்று எனக்கும் உதறல்தான். நடந்ததை ஒன்றும் மறைக்காமல் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே கேட்டார். சிரிப்பை அடக்குகிறார் என்று எனக்குப் பட்டது. “வேலைய நிலைக்கவச்சது கர்த்தர், அதுல சந்தேகமில்ல. ஆனா வாய்விட்டுக் கூப்பிட்ட அந்த மனுசனுக்கும் நேர்ல போய் ஒரு நன்றி சொல்லிட்டு வந்திரும் தம்பி.”

மளிகைக் கடையில்

போனேன். செல்லத்துரை அண்ணாச்சி கடையில் துவரம்பருப்பு நிறுத்துக்கொண்டிருந்தார். உங்களால்தான் என் வேலை போகாமல் நின்றது என்று சொல்லிக் கையைப் பிடித்தேன். அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. சாமி வந்துவிட்டால் என்ன பேசுகிறோம், யாரைக் கூப்பிடுகிறோம் என்று தனக்கு ஒரு நினைவும் இருக்காது என்றார். வாங்கிக்கொண்டு போன பழத்தைக்கூட அம்மனுக்கே வைத்துவிடச் சொன்னார்.

சரி, அம்மன் சமாச்சாரம், நாம் என்ன கண்டோம் என்று கும்பிட்டுவிட்டுப் படி இறங்கினேன். அவர் தராசிலிருந்து கண்ணை எடுக்காமல் பின்னாலிருந்து குரல் கொடுத்தார்: “ரெண்டு தட்டுக்கு நடுவுல ஒரு எடம் விட்டு அடிச்சியள்லா, அடுத்த வருசமும் அத விட்டுராதீய, என்ன?”

கர்த்தருக்கும் முத்தாரம்மனுக்கும் செல்லத்துரை அண்ணாச்சிக்கும் பேர் தெரியாத அந்தக் கேசட்காரருக்கும் நன்றிக்கடன்பட்டு என் பிழைப்பு நன்றாகவே நடக்கிறது. அந்தக் கொடை வீடியோவில் மட்டும், அம்மனே என்னைக் கூப்பிட்டு நிறுத்திய நேரத்திலும், தெரிவது என் முழங்கைதான்.