வாசலில் கழற்றிய ஷூ

துபாய் அல் கூஸில் ஒரு கிடங்குக்கு சூப்பர்வைசராக இருந்த என் அப்பாவுக்கு உலகத்தில் இரண்டே பயங்கள்: ஒன்று ஆடிட், இன்னொன்று பிக்பாக்கெட். இத்தாலிக்கு நான்கு நாள் போகிறோம் என்றதும் கிடங்கே கூடி இரண்டாவது பயத்துக்குத் தூபம் போட்டது. "அண்ணே, அங்க பாத்துக்கிட்டு இருக்கும்போதே உருவிடுவானுங்க."

அம்மாவின் கவலை வேறு. பேர்போன ஓவியங்கள் இருக்கும் இடங்களுக்கெல்லாம் டிக்கெட் தீர்ந்துவிட்டதாம். விடுவாளா? கூட்டமே போகாத பழைய சின்னச் சின்ன சர்ச்சுகளாகத் தேடி ஒரு நோட்டில் எழுதிக்கொண்டாள். பலெர்மோவில் இறங்கியதிலிருந்து அந்த நோட்டுதான் எங்களை மேய்த்தது. எனக்குப் பத்து வயது. எனக்கு வேண்டியது ஐஸ்கிரீம்.

மூன்றாம் நாள், மீன் மார்க்கெட்டை ஒட்டிய சந்தில் ஒரு சர்ச்.

"சாமி இருக்கிற எடம். எல்லாரும் கழட்டுங்க" என்றாள் அம்மா. கழற்றினோம். அப்பா இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, இடுப்பிலிருந்த மூன்று பாஸ்போர்ட்டையும் எடுத்துத் தன் ஷூவுக்குள் திணித்து, மேலே சாக்ஸை அடைத்தார்.

"உள்ள இருட்டுல எவனாவது இடுப்பத் தடவுவான். இந்த நாத்தத்துல எவன் கைய விடுவான்?"

ஆகா, அப்பாவுக்கு என்ன மூளை என்று எனக்கு ஒரே பெருமை.

உள்ளே கும்மிருட்டு. சுவரில் இருந்த பெட்டியில் காசு போட்டால் கொஞ்ச நேரம் விளக்கு எரியும். அம்மா போட்டாள். சுவர் முழுக்க வெள்ளைச் சுண்ணத்தில் செய்த குழந்தைகள்! முந்நூறு வருஷத்துக் குழந்தைகளாம். ஒன்று இன்னொன்றின் முடியைப் பிடித்து இழுத்தது. ஒன்று தூங்கிற்று. ஒன்று உதட்டைப் பிதுக்கிக்கொண்டு நின்றது.

"ஏங்க, இத பாருங்க, நம்ம வீட்டு மூஞ்சி!" என்று அம்மா என்னைக் காட்டிச் சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. விளக்கு அணைய அணைய மூன்று முறை காசு போட்டோம்.

வெளியே வந்தால் படி காலி. ஒரு செருப்பில்லை, ஷூ இல்லை.

அப்பா வெறுங்காலோடு சந்தின் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் ஓடினார். போவோர் வருவோர் கால்களையெல்லாம் குனிந்து பார்த்தார். பிறகு படியில் உட்கார்ந்துவிட்டார். "போச்சு. ஃப்ளைட்டுல ஏத்த மாட்டான். திங்கக்கிழமை டூட்டி. எல்லாம் போச்சு."

"புத்தியையும் அதுக்குள்ளயே கழட்டி வச்சீங்களா?" என்றாள் அம்மா. ஆனால் அவளும் குனிந்து படிக்குப் பின்னால் தேடினாள். நான் அழ ஆரம்பித்தேன்.

அப்போது பக்கத்துக் கதவு திறந்தது. கையில் வாளியும் தரை துடைக்கும் துடைப்பமுமாக ஒரு பெண் நின்றாள்.

"சப்பாத்தையோ தேடுறியள்?"

தமிழ்! அதுவும் இலங்கைத் தமிழ்! அப்பா துள்ளி எழுந்தார்.

"வெளியில வச்சா களவு போயிடும் எண்டு நான்தான் எடுத்து உள்ள வச்சனான். பாத்த உடனயே விளங்கிட்டுது, எங்கட சனம்தான் எண்டு. இஞ்ச வேற ஆர் வாசல்ல கழட்டுறது?"

அவள் அறையில், பழைய பேப்பர் மேல், மூன்று ஜோடியும் வரிசையாக இருந்தன. சாக்ஸை இழுத்தால் பாஸ்போர்ட்டுகள் பத்திரம். அப்பா அவள் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, "அக்கா, நீங்க தெய்வம்க்கா" என்றார். அழுதுகொண்டே சிரித்தார். அம்மா திட்டிக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். அப்பாடா என்று எனக்கு வயிறு பசித்தது.

"ஒருக்காப் பாக்கட்டோ?" என்று அவள் என் பாஸ்போர்ட்டைக் கேட்டு வாங்கினாள். ஒவ்வொரு தாளாகப் புரட்டினாள். வெற்றுத் தாளையும் விடவில்லை. ஈரம் பட்டிருக்குமோ என்று தன் சட்டையில் துடைத்துத் திருப்பித் தந்தாள்.

"அகதியா வந்த எனக்கு இப்பிடி ஒண்டு கையில கிடைக்கப் பதினேழு வருசம். அதுக்குள்ள ஊரில அம்மா செத்துப்போனா."

அப்பாவின் சிரிப்பு நின்றது. அவளோ தன் பையிலிருந்து காசெடுத்து, எங்களை மறுபடி சர்ச்சுக்குள் கூட்டிப்போய் இன்னொரு தடவை விளக்குப் போட்டுக் காட்டினாள்.

தெருவுக்கு வந்ததும் அம்மாவிடம் கேட்டேன்: "பதினேழு வருஷமா? அவ்வளவு பெரிய கியூவாம்மா?"

அம்மா என்னை ஐஸ்கிரீம் கடைக்குக் கூட்டிப்போய், நான் கேட்காமலேயே இருப்பதிலேயே பெரிய கோனாக வாங்கிக் கொடுத்தாள். கேட்டதை அத்தோடு மறந்துவிட்டேன்.