பொன்னாடையோடு நின்ற சார்

மன்னிப்பதில் நான் கெட்டி இல்லை. சண்டே ஸ்கூலில் எவ்வளவோ சொல்லிக் கொடுத்தார்கள், மண்டையில் ஏறவில்லை.

எங்கள் சபையின் பாடகர் குழுவை நடத்தியவர் ஒரு பள்ளிக்கூட வாத்தியார். மூன்று வருடம் அவரிடம் ட்ரம்ஸ் வாசித்தேன், சனிக்கிழமைப் பயிற்சிக்கு மட்டும். ஞாயிறு ஆராதனைக்கு அவருடைய மருமகன் வந்து உட்காருவார். மருமகனுக்குத் தாளம் தப்பினால், நான் ஒழுங்காகச் சொல்லிக் கொடுக்கவில்லை என்று அடுத்த சனிக்கிழமை எனக்குத் திட்டு. ஒரு ஞாயிறாவது என்னை வாசிக்க விடுங்கள் சார் என்று கேட்டேன்.

“சபைக்கு முன்னால பொம்பளப்புள்ள காலை அகட்டி உக்காந்து அடிச்சா நல்லாவாம்மா இருக்கு?” என்றார்.

பாடும் பெண்கள் குனிந்து சிரித்தார்கள். அன்றே விலகினேன்.

சிரிக்காத ஒருத்தி என்னோடு வந்தாள், பேஸ் கிட்டார் வாங்கினாள். அவளோடு வேலை பார்த்த சௌராஷ்டிரப் பெண் கிட்டாரும் பாட்டும். அந்தப் பெண்ணின் வீட்டில் கீழே விசைத்தறி ஓடும். மாடியில் நாங்கள் என்ன அடித்தாலும் தெருவில் யாருக்கும் கேட்காது. பேஸ் முன்னால் போகும், கிட்டார் பிறாண்டும், பாட்டு குழாயடிச் சண்டை மாதிரி இருக்கும். அதற்குப் போஸ்ட்-பங்க் என்று பெயர் என்பதே பிறகுதான் தெரிந்தது. முதல் பாட்டுக்கு வரி தேடவே இல்லை. சார் சொன்னதை அப்படியே போட்டோம். அந்த வீடியோ பரவி, சென்னை, பெங்களூர் என்று மேடைகள் கிடைத்தன.

போன மாதம் எங்கள் ஊர் மதுரையிலேயே ஒரு கல்லூரி விழா. எங்களை வளர்த்துவிட்டதே தான்தான் என்று சார் சொல்லிக்கொண்டாராம். அவர் கையால் எங்களுக்குப் பொன்னாடை போர்த்த ஏற்பாடு. பாட்டு நடக்கையில் குறுக்கே போய்ப் போர்த்தமாட்டார்கள், முடியட்டும் என்று மேடை ஓரம் நிற்பார்கள். அவரும் நின்றார். கடைசிப் பாட்டு, அவர் வார்த்தையில் போட்ட அந்தப் பாட்டு. அதை முடிப்பது ட்ரம்ஸ் வாசிக்கிற என் கையில் இருந்தது. முடிக்கவில்லை.

பொன்னாடை வலக்கையிலிருந்து இடக்கைக்குப் போனது. யார் சொன்ன வார்த்தை என்று தெரியாமலே கூட்டம் எங்களோடு சேர்ந்து கத்தியது. அவருக்குத் தெரியும். பேஸ்காரி திரும்பி, “போதும்டி, பாவம்” என்றாள். எனக்குப் பாவமாக இல்லை, சுகமாக இருந்தது. அவர் இறங்கிப் போய் உட்கார்ந்த பிறகே நிறுத்தினேன்.

சாமான்களைக் கட்டும்போது பக்கத்தில் வந்தார். முகம் கறுத்திருந்தது.

“வர்ற ஞாயித்துக்கெழம ஆராதனைக்கு நீயே வாசிம்மா.”

இந்த ஒரு வார்த்தைக்குத்தான் மூன்று வருடம் ஏங்கிக் கிடந்தேன்.

“அன்னைக்கு வேலை இருக்கு சார்” என்றேன். ஒரு வேலையும் இல்லை.