ரெண்டு முனையிலும் எர்த்

என் அத்தை முறைத்தால் இறங்க வந்த மின்னல் மேகத்துக்குள்ளேயே திரும்பிப் போய்விடும். பூமி உருண்டு ஓடாமல் இருப்பதே அவள் ஒரு முனையை இறுக்கிப் பிடித்திருப்பதால்தான். மறுமுனையைத் தொட்டவன் கை தப்பாது. தொட்டுவிட்டு இன்னும் உயிரோடு நடமாடுகிற ஒரே ஆள், அவளைக் கட்டிக்கொண்ட என் மாமா.

ரெண்டு பேருக்கும் ஒரே பெயிண்ட் ஃபேக்டரியில் வேலை. மாமா எலெக்ட்ரீஷியன், மோட்டார், கேபிள், ஸ்விட்ச் எல்லாம் அவர் ராஜ்யம். அத்தை இன்ஸ்ட்ருமென்ட் டெக்னீஷியன். தொட்டியில் எவ்வளவு எடை, எவ்வளவு சூடு என்று காட்டும் மீட்டர்கள் அவள் ராஜ்யம். அங்கே அவளுக்குக் கொடுக்கு என்று பட்டப்பெயர். தேளுக்காவது வாலில் இருக்கிறது, இவளுக்கு நாக்கில்.

நான் இவர்கள் வீட்டுக்கு எப்படி வந்தேன் என்றால், எனக்கும் பள்ளிக்கூடத்துக்கும் ஒத்துவரவில்லை, அப்புறம் எனக்கும் அம்மாவுக்கும் ஒத்துவரவில்லை. மிச்சம் இருந்தது அம்மாவின் தம்பி வீடுதான். இங்கே நான் தின்கிற சோற்றுக்குப் பார்க்கும் உத்தியோகம் தூது. வீட்டுக்காரரும் வீட்டுக்காரியும் பேசிக்கொள்வதில்லை.

இந்தத் தடவை சண்டை ஒரு கலவைத் தொட்டியில் ஆரம்பித்தது. தொட்டியின் கால்களுக்கு அடியில் எடை பார்க்கும் கருவிகள் இருக்கின்றன. அவை அனுப்பும் சிக்னல் எறும்பு மூச்சு விடுகிற அளவுக்குத்தான் இருக்கும். அதனால் அந்தக் கேபிளைச் சுற்றி வலை மாதிரி ஓர் உறை, அதற்கு ஷீல்டு என்று பெயர். வெளியில் திரியும் மின்சார இரைச்சலைப் பிடித்துப் பூமிக்குள் தள்ளுவது அதன் வேலை. கொஞ்ச நாளாகப் பக்கத்துப் பெரிய மோட்டார் ஓடும்போதெல்லாம் எடை பேய் பிடித்த மாதிரி ஆடியது. எடை தப்பினால் கலவை தப்பும். நீலம் கேட்டவனுக்குப் பச்சை போய்ச் சேர்ந்தது.

மேனேஜர் அத்தையைக் கூப்பிட்டார். "வெள்ளிக்கிழமைக்குள்ள சரி பண்ணுங்க. இல்லைன்னா டப்பாவுக்கு மூடி போடுற செக்ஷனுக்குப் போயிடுங்க."

அத்தை கருவி ஒவ்வொன்றையும் கழற்றிச் சோதித்தாள். எதிலும் குறை இல்லை. பாக்கி இருந்தது தொட்டிப் பக்கத்து ஜங்ஷன் பாக்ஸ், அதாவது கேபிள்களை இணைக்கும் பெட்டி. ஷீல்டுக்கு எர்த் ஒரு முனையில்தான் கட்ட வேண்டும், அதுவும் கண்ட்ரோல் பேனல் பக்கம். தொட்டிப் பக்கத்து முனையை வெட்டி, டேப் சுற்றி, சும்மா விட்டுவிட வேண்டும். ரெண்டு முனையிலும் கட்டினால், அந்த இடத்து எர்த்துக்கும் இந்த இடத்து எர்த்துக்கும் உள்ள சின்ன வித்தியாசத்தில் ஷீல்டுக்குள்ளேயே கரண்ட் ஓடும். வேலியே பயிரை மேய்ந்த கதைதான்.

அந்தப் பெட்டியைப் போன மராமத்தில் மாற்றியது மாமா. பூட்டு அவருடையது, சாவி அவர் இடுப்பில். மாமாவுக்கு எர்த் இல்லாத கம்பியைக் கண்டால் பொறுக்காது. எர்த் விட்டுப்போன மோட்டாரைத் தொட்டு, கூட வேலை பார்த்தவர் ஒருத்தர் அவர் கண் முன்னாலேயே விழுந்து செத்தார். அன்றிலிருந்து எதைப் பார்த்தாலும் எர்த்தில் கட்டிவிடுவார். நான் அசையாமல் நின்றால் என்னையும் எர்த்தில் கட்டிவிடுவார்.

"உங்க மாமாகிட்ட சொல்லு, பெட்டியைத் திறந்து காட்டச் சொல்லு," என்றாள் அத்தை. மாமா கைக்கு எட்டும் தூரத்தில் உட்கார்ந்து செருப்பு வாரைத் தைத்துக்கொண்டிருந்தார்.

"என் வேலையைச் சந்தேகப்படுறவங்களுக்கு நான் பெட்டி திறக்கிறதில்லைன்னு சொல்லு. அவங்க மீட்டர் கெட்டுப்போச்சு, அதை ஒத்துக்கச் சொல்லு."

"மீட்டர் கெடலை, ஆளுதான் கெட்டுப்போயிட்டாருன்னு சொல்லு."

"அப்ப போய் மூடி போடச் சொல்லு. கைக்கு வேலை, வாய்க்கு லீவு."

வழக்கமாகச் செய்திகளில் என் கைச்சரக்கையும் கொஞ்சம் சேர்ப்பேன். மாமா குடை எங்கே என்று கேட்டால், 'என் குடையைத் தொலைச்ச மகராசி யாருன்னு கேக்குறாரு' என்று கொண்டுபோய்க் கொடுப்பேன். பொழுது போக வேண்டாமா? ஆனால் அன்றைக்கு நான் வாயைத் திறக்கும் முன்பே அத்தை எழுந்து போய், கழுவி வைத்திருந்த தட்டை மறுபடியும் கழுவினாள். அந்த வாய் சும்மா இருந்தது எனக்குப் பிடிக்கவில்லை.

வியாழக்கிழமை காலை. மாமா முகமெல்லாம் சோப்பு நுரையோடு சவரம் செய்துகொண்டிருந்தார்.

"மாமா, உங்க எர்த் வேலையில குறையே இருக்காதுன்னு அத்தை சொன்னாங்க. வேற யாராச்சும் பின்னாடி கை வச்சிருப்பாங்களோன்னுதான் பயமாம். நீங்களே பார்த்தாதான் நிம்மதியாம்."

"அவளா சொன்னா?" கன்னத்தை லேசாக வெட்டிக்கொண்டார்.

அத்தை வாசலில் ஷூ மாட்டிக்கொண்டிருந்தாள். "அத்தை, இன்னிக்கு மத்தியானம் பெட்டியைத் திறக்கிறாராம். தயவுசெஞ்சு மேனேஜரை மட்டும் கூட்டிட்டு வர வேணாம்னாரு."

ஃபேக்டரியில் நடந்ததை ரெண்டு பேரும் என்னிடம் தனித்தனியாகச் சொன்னார்கள். திட்டுகளைக் கழித்தால் மிச்சம் இவ்வளவுதான். பெட்டிக்குள் ஷீல்டு முனை எர்த்தில் போல்ட் போட்டு இறுக்கப்பட்டிருந்தது. தூது சொல்ல ஆள் இல்லாததால் நேராகவே பேச வேண்டியதாயிற்று.

"இதை யார் கட்டினது?"

"நான்தான். அவுத்து நாளைக்கு ஒருத்தன் செத்தா நீ பதில் சொல்லுவியா?"

"தொட்டி உடம்புக்கு நீங்க கட்டின பச்சை எர்த் கம்பி அப்படியே இருக்கட்டும். ஆளைக் காப்பாத்துறது அதுதான், அதுல யார் கை வச்சாலும் கடிச்சிடுவேன். இது சிக்னலுக்கு. இதுக்கு ஒரு முனை போதும்."

மாமா மோட்டாரைப் போடச் சொன்னார். எடை ஆடியது. ஸ்பேனரை எடுத்து அவரே போல்ட்டைக் கழற்றினார். மோட்டார் ஓடிக்கொண்டே இருந்தது, எண் அசையவில்லை.

"நின்னுருச்சில்ல, மனசு குளிர்ந்துச்சா?" என்று சொல்லி, ஸ்பேனரைப் பையில் எறிந்துவிட்டுப் போய்விட்டார்.

மூடி போடும் செக்ஷனுக்கு அத்தை கிடைக்கவில்லை. சாயங்காலம் வீட்டில் மறுபடியும் மௌனம். அத்தை நாற்காலியை இழுத்து என் எதிரில் போட்டு உட்கார்ந்தாள்.

"உங்க மாமா தயவுசெஞ்சுன்னா சொன்னாரு?"

"ஆமா."

"என்னைக் கட்டிக்கிறேன்னு வந்து நின்னப்பகூட அந்த வாயில அந்த வார்த்தை வரலை."

மாமா திரும்பாமலே, "நான் எதுக்குச் சொல்றேன்? என் வேலையில குறை இருக்காதுன்னு இவதான் சொல்லி அனுப்பினா," என்றார்.

"நானா? செத்தாலும் சொல்ல மாட்டேன்."

அப்புறம் ரெண்டு பேரும் சேர்ந்து என்னைப் பார்த்தார்கள். இந்த வீட்டில் அவர்கள் சேர்ந்து ஒரு காரியம் செய்து நான் பார்த்தது அதுதான்.

"இரைச்சல் எங்கிருந்து வருதுன்னு கண்டுபிடிக்கத்தான் எனக்குச் சம்பளம்," என்றாள் அத்தை. "நான் மூடி போடப் போனா உனக்கென்னடி?"

நான் எழுந்து போய், கழுவி வைத்திருந்த தட்டை எடுத்து மறுபடியும் கழுவினேன்.

"சொல்லு. உனக்குத்தான் என்னைக் கண்டாலே ஆகாதே."