அப்பா வந்தால்தான் அசனம்

கார்க் கண்ணாடியை இறக்கியதும் ஆட்டுக்கறிக் குழம்பின் வாசனை வந்தது. இன்று ஆலயத்தில் அசனம். சபையார் எல்லாரும் தரையில் அமர்ந்து ஒன்றாக உண்ணும் விருந்து. நான் முதல் கரண்டி சோறு போட்டால்தான் பந்தி தொடங்கும். வழக்கம்போல் வேண்டுமென்றே தாமதித்தேன்.

சிறுவயதிலும் இதே வாசனை, இதே அனுப்பர்பாளையத்துப் பித்தளை அண்டாக்கள்! பனியன் கம்பெனி முதலாளியான அப்பாவுக்காகச் சபையே காத்திருக்கும். "எங்கப்பா வந்தாத்தான் சோறு" என்று குதித்தேன். பக்கத்து இலை டேவிட் பசியில் வயிற்றைப் பிடித்துக்கொண்டான்.

"ஏசப்பா அஞ்சாயிரம் பேருக்கு உடனே சோறு போட்டாரு. உங்கப்பாவுக்கு மட்டும் ஏன்டா இவ்வளவு நேரம்?"

பந்தியே சிரித்தது. நான் அவன் இலையைக் கிழித்தேன். அப்பாவின் கார் வந்தது, எல்லாரும் எழுந்தார்கள். எனக்குப் புல்லரித்தது. அந்தப் புல்லரிப்புக்காகவே நானும் அப்பாவைப் போலவே ஆகிவிட்டேன். ஆண்டவர் மன்னிக்கட்டும்.

காரிலிருந்து இறங்கி, வேட்டியை மடித்துக் கட்டி ஓடினேன். "எனக்காக நிக்காதீங்க, போடுங்க சாமி!" என்று கத்தியபடி காலி இலை முன் உட்கார்ந்தேன்.

"தாத்தா, அது எங்கம்மாவுக்குங்க" என்றாள் ஒரு சிறுமி. "தள்ளி உக்காருங்க."

தள்ளி உட்கார்ந்தேன். இலையில் உடனே சோறு விழுந்தது. அசனச் சோறு இவ்வளவு சூடாக இருக்கும் என்று எனக்கு இதுவரை தெரியாது.