போகாதே என்று சொல்லத் தெரியாதவள்

எங்கள் மையத்தில் அவளுக்குத் ‘தலையாட்டி’ என்று பெயர். புருஷனிடம் அடிபட்டு வரும் பெண்களோடு உட்கார்ந்து பேசுவதுதான் வேலை. ஆனால் இதைச் செய், அதைச் செய்யாதே என்று ஒரு வார்த்தை வராது. கேட்பாள், தலையாட்டுவாள், “உனக்கு என்ன தோணுது?” என்பாள். வீட்டிலும் அதே கதைதான். இன்றைக்கு என்ன சமைக்கலாம் என்று கேட்ட புருஷனிடமே திருப்பிக் கேட்டுக் கேட்டு, மனிதர் கடைசியில் தானே சமையல் கற்றுக்கொண்டார்.

வாசல் மேசையில் இருக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஏன் ஒரு வழி சொல்ல மாட்டேன் என்கிறாய் என்று ஒருநாள் கேட்டே விட்டேன்.

“அப்பா, அண்ணன், புருஷன்னு யாராவது ஒருத்தர் அவங்களுக்காக முடிவு பண்ணிக்கிட்டேதானே இருந்திருக்காங்க? அந்த வரிசையில நானும் போய் நிக்கணுமா?” என்றாள்.

ஒரு தையல்காரி மழைக்காலத்தில் வந்தாள். புருஷன் முறுக்கியதில் இடது கையைத் தூக்க முடியவில்லை. குழந்தையை மாமியார் பிடுங்கி வைத்துக்கொண்டாள். வந்த புதிதில் தண்ணீர் குடிக்கக்கூட எங்களிடம் அனுமதி கேட்பாள். மாதங்கள் போக, ஒருநாள் யாரையும் கேட்காமல் அறையின் சன்னலைத் திறந்தாள். அன்று முழுக்கத் தலையாட்டிக்குக் கால் தரையில் பாவவில்லை.

பிறகு மாமியார் போன் செய்தாள். மகன் திருந்திவிட்டானாம், குழந்தை அம்மாவைத் தேடி அழுகிறதாம். தையல்காரி பையோடு வந்து நின்றாள்.

“நல்லா யோசிச்சிட்டேன்க்கா. போறேன்.”

தலையாட்டியின் தலை ஆடவில்லை. போன வருஷம் இப்படிக் கிளம்பிப் போன ஒருத்தியைப் பிணவறையில் அடையாளம் காட்டியவள் இவள்தான். பாய்ந்து போய்க் கதவை மறித்தாள். பதற்றத்தில் பிடித்தது அந்த இடது கையை.

“போகக் கூடாது. நான் விடமாட்டேன்!”

தையல்காரி கத்தவில்லை. மறு கையால் முகத்தை மூடிக்கொண்டு சுவரோரம் ஒடுங்கினாள்.

“சரிங்க, போகல. அடிக்காதீங்க.”

தலையாட்டி சுட்டது போல் கையை விட்டாள். கதவை அகலத் திறந்தாள். “மன்னிச்சிரும்மா. உன் இஷ்டம்தான், எப்பவும் உன் இஷ்டம்தான்” என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். பார்க்கச் சகிக்கவில்லை எனக்கு.

தையல்காரி அசையவில்லை. தலை குனிந்தபடியே கேட்டாள்:

“நான் இப்ப போகணுமாங்க, இருக்கணுமாங்க?”