ஆக்னஸின் கதையைத் திருத்தியவர்கள்

கூரியரில் வந்த புத்தகத்தை ஆக்னஸ் பரிசோதனைக்கூடத்து மேசையிலேயே பிரித்தாள். மதியச் சாப்பாட்டு நேரம். ரத்தம் கொடுக்க யாரும் காத்திருக்கவில்லை. போட்டியில் தேர்வான பதினோரு பேரின் கதைகளும் கவிதைகளும் அடங்கிய தொகுப்பு அது. உள்ளே பெயர்ப் பட்டியலில் ஒன்பதாவதாக அவள் பெயர். நாற்பத்தெட்டு வயதில் முதல்முறையாகத் தன் பெயரை அச்சில் பார்த்தாள். அறுபத்து நான்காம் பக்கத்தைப் புரட்டிப் படிக்க ஆரம்பித்தவள் இரண்டாவது பத்தியிலேயே நின்றுவிட்டாள்.

அவள் எழுதியது செகந்திராபாத்தில் ரயில்வே ஃபிட்டராக இருந்து செத்துப்போன ஒரு மனிதரைப் பற்றி. அவளுடைய அப்பாதான். ஆஸ்பத்திரிக் கட்டிலில் ஆக்ஸிஜன் முகமூடியைக் கையால் தள்ளிவிட்டு அவர் கடைசியாகச் சொன்னதை அவள் அப்படியே எழுதியிருந்தாள்: "நக்கோ மா, நக்கோ. ஊட்டுக்குப் போலாம்." 'வேண்டாம்' என்பதற்கு அந்த வீட்டில் நான்கு தலைமுறையாக அந்தச் சொல்தான்.

புத்தகத்தில் அவர் வேறு மாதிரி செத்துக்கொண்டிருந்தார். "வேண்டாம் மகளே, வேண்டாம். என்னை இல்லத்திற்கு அழைத்துச் செல்" என்றார். ஊர் பெரம்பூர் ஆகியிருந்தது. இரானி சாயா, டீக்கடைத் தேநீர் ஆகியிருந்தது. கதையில் வரும் மகள் யாரிடமும் 'கைக்கு' என்று கேட்கவில்லை. 'எதற்காக' என்று கேட்டாள்.

"எங்கப்பன் வாயில யாருடா பூந்து பேசறது?" என்று ஆக்னஸ் சத்தமாகவே சொன்னாள். பக்கத்து மேசையில் டப்பாவைத் திறந்துகொண்டிருந்த அக்ஷதாவுக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் பயந்து எழுந்துவிட்டாள்.

ஆக்னஸின் கொள்ளுத்தாத்தா வேலூர்ப் பக்கமிருந்து வெள்ளைக்காரப் பட்டாளத்தோடு சமையல்காரராக வந்தவர். அதற்குப் பிறகு அந்தக் குடும்பம் செகந்திராபாத்தை விட்டு நகரவில்லை. அவள் படித்தது ஆங்கிலமும் தெலுங்கும். ஒருமுறை சென்னையிலிருந்து வந்த உறவுக்காரர், "தமிழ்ல கையெழுத்தாவது போடத் தெரியுமா?" என்று பத்துப் பேர் நடுவில் கேட்டுச் சிரித்தார். அந்த ரோஷத்தில்தான் முப்பத்தாறு வயதில் கோயில் பாட்டுப் புத்தகத்தை வைத்துக்கொண்டு எழுத்துக்கூட்டிப் படிக்கத் தொடங்கினாள். இரண்டு வருஷத்தில் கதை எழுதினாள்.

அதற்கப்புறம் போட்டிகள். அவள் வேலை பார்க்கும் ஏ.எஸ்.ராவ் நகர் ஆஸ்பத்திரிக்குப் பரிசோதனைக்கு வந்து பழக்கமான சபீனாதான் அறிவிப்புகளை அனுப்புவாள். கடையநல்லூர்ப் பெண், மாதாப்பூரில் மென்பொருள் வேலை, கவிதை எழுதுகிறவள். ஆயிரத்து ஐந்நூறு சொல்லுக்கு மேல் போகக் கூடாது, யூனிகோடில் இருக்க வேண்டும், வேறெங்கும் வந்திருக்கக் கூடாது, நடுவர் தீர்ப்பே இறுதியானது. எல்லாப் போட்டியிலும் வரும் இந்த விதிகள் ஆக்னஸுக்கு மனப்பாடம். பத்து வருஷத்தில் இருபத்தாறு போட்டிக்கு அனுப்பினாள். கிடைக்கவில்லை என்று சொல்லக்கூட யாரும் இரண்டு வரி எழுதியதில்லை. வட்டார வழக்குக் கதைகளுக்கென்றே வந்த ஒரு போட்டியின் படிவத்தில் நெல்லை, கொங்கு, தஞ்சை, குமரி என்று வரிசையாக இருந்தது. அவளுடைய தமிழுக்கு அங்கே இடமில்லை. 'மற்றவை' என்பதை அழுத்தி அனுப்பினாள்.

இந்த முறைதான், ஐதராபாத்திலேயே நடக்கும் 'தென்திசை இலக்கிய வட்டம்' அவளுக்கு ஆறுதல் பரிசு கொடுத்திருந்தது. அதன் செயலாளர் வரதராஜன், மாதாப்பூரில் ஒரு கம்பெனியில் பெரிய பொறுப்பில் இருப்பவர். இங்கே வந்து பன்னிரண்டு வருஷம். அன்று சாயங்காலமே அவருக்குப் போன் செய்தாள்.

"வாழ்த்துகள்மா! புக் வந்துதா?" என்றார்.

"வந்துச்சு சார். என் கதையை யாரு மாத்துனது?"

"மாத்தலைமா, செம்மைப்படுத்தியிருக்கோம். கரு ரொம்ப நல்ல கரு. மொழிதான் ஒரே கலப்படம். நடுவர் ஒதுக்கியே வச்சுட்டார். நான்தான் உட்கார்ந்து சரிபண்ணிக் கொடுத்தேன். அதனாலதான் பரிசே கிடைச்சுது."

"கலப்படமா? நாங்க நூறு வருஷமா பேசறது சார் அது. என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

"ஒன்பதாவது விதியைப் படிச்சீங்களா? படைப்பைத் திருத்த வட்டத்துக்கு முழு உரிமை உண்டு. நீங்க ஒத்துக்கிட்டுத்தானே அனுப்பினீங்க?"

ஆமாம், ஒத்துக்கொண்டுதான் அனுப்பியிருந்தாள். தினமும் அடுத்தவர் பெயரை மூன்று தடவை சரிபார்த்து ரத்தக் குப்பியில் ஒட்டுகிறவள், தன் விஷயத்தில் கண்ணை மூடிக்கொண்டு கட்டத்தில் ஒரு குறி போட்டிருந்தாள். அவர் மேல் இருந்த ஆத்திரத்தில் பாதி அவள் மேலேயே திரும்பியது. இரண்டு நாள் கழித்துத்தான் சபீனாவிடம் சொன்னாள்.

"அக்கா, விழாவுக்குப் போவாதீங்க. அதான் நாம காட்டுத எதிர்ப்பு" என்றாள் சபீனா.

"நான் போவலைன்னா அவங்களுக்கு இன்னா நஷ்டம்? ஷீல்டைக் கூரியர்ல அனுப்பிருவாங்க. நான் போறேன்."

ஞாயிற்றுக்கிழமை காலை செகந்திராபாத்தில் ஒரு சின்ன மண்டபம். நுழைவாயில் மேசையில் தொகுப்பு அடுக்கியிருந்தது. ஆக்னஸும் சபீனாவும் கடைசி வரிசையில் உட்கார்ந்தார்கள். பெயர் கூப்பிட்டதும் ஆக்னஸ் மேடைக்குப் போனாள். கேடயத்தை நீட்டினார்கள். வாங்கவில்லை.

"ரெண்டு நிமிஷம் பேசணும்" என்றாள்.

"நேரமில்லைமா" என்று வரதராஜன் சிரித்த முகத்தோடு மைக்கைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "அடுத்து..."

"அந்தக் கதை என்னுது இல்ல. என் பேரை எடுத்துருங்க."

மைக் இல்லாததால் முதல் இரண்டு வரிசைக்குத்தான் கேட்டது. "உணர்ச்சிவசப்படாதீங்க" என்றார் அவர், மைக்கிலேயே. அது எல்லோருக்கும் கேட்டது. யாரோ சிரித்தார்கள். அடுத்த பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

படியிறங்கும்போது காது இரண்டும் எரிந்தன. நேரே நுழைவாயிலுக்கு நடந்தாள். மேசைக்குப் பின்னால் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். கைப்பையிலிருந்து குப்பிகளில் எழுதும் அழியா மைப் பேனாவை எடுத்தாள். முதல் பிரதியைத் திறந்து அறுபத்து நான்காம் பக்கத்தில் 'பெரம்பூர்' மேல் ஒரு கோடு, பக்கத்தில் 'செகந்திராபாத்'. அப்பா பேசும் வரி முழுவதையும் அடித்துவிட்டு அவர் சொன்னதை எழுதினாள். அடுத்த பிரதி. இருபது வருஷமாகக் குப்பிகளில் சின்ன எழுத்தில் எழுதிப் பழகிய கை. ஓர் எழுத்தும் கோணவில்லை. சபீனா பக்கத்தைப் புரட்டிப் புரட்டிக் கொடுத்தாள்.

முப்பத்தொரு பிரதிகள் முடியும்போது வரதராஜன் வந்துவிட்டார். சிரிப்பு போயிருந்தது.

"என்ன பண்றீங்க? வட்டத்தோட சொத்து இது!"

"செம்மைப்படுத்தறேன் சார்" என்றாள் ஆக்னஸ், தலையைத் தூக்காமல்.

புத்தகத்தைக் கையிலிருந்து பிடுங்கினார். "இவ்வளவு படிச்சவங்க நடந்துக்கற மாதிரியா இருக்கு? கூப்பிட்டு ஒரு மேடை கொடுத்ததுக்கு..."

"மேடை குடுத்தீங்க, ஹவ், ஆமா. பேச வுட்டீங்களா?" இப்போது அவள் எழுந்து நின்றாள். குரல் மண்டபத்துக்குள் போயிற்று. "எங்கப்பன் சாவறப்ப சொன்ன வார்த்தை அது. அது உங்களுக்குக் கலப்படம். அவர் கதை மட்டும் வேணும், அவர் நாக்கு வேணாம். இன்னா நியாயம்?"

உள்ளே பேச்சு நின்றது. சிலர் திரும்பிப் பார்த்தார்கள். யாரும் எழுந்து வரவில்லை. அந்த அமைதி அவளுக்கு மறுபடி ஆத்திரம் மூட்டியது. பேனாவை மூடிக்கொண்டு வெளியே வந்தாள்.

சாயங்காலம் வட்டத்தின் வாட்ஸாப் குழுவிலிருந்து இருவரையும் நீக்கினார்கள். 'நூல்களைச் சேதப்படுத்திய வருந்தத்தக்க செயல்' என்று ஓர் அறிக்கை சுற்றியது. ஆக்னஸ் மூன்று ஆண்டுகளுக்கு வட்டத்தின் எந்தப் போட்டியிலும் கலந்துகொள்ளக் கூடாதாம். சபீனாவுக்கும் அதேதான்.

நான்காம் நாள் நீலா என்ற ஒருத்தி கூப்பிட்டாள். கவிதையில் இரண்டாம் பரிசு வாங்கியவள். அன்று மேடையில்தான் இருந்தாள். "அன்னிக்கு வாயைத் திறக்காம இருந்துட்டேங்க, மன்னிச்சுக்கோங்க. வீட்டுக்கு வந்து பார்த்தேன். என் கவிதையில கடைசி ஆறு வரியே காணோம்" என்றாள்.

"அன்னிக்கே பாத்திருக்கணும்" என்று ஆக்னஸ் வெடுக்கென்று சொன்னாள். பிறகு, "சரி, வாங்க" என்றாள். மற்ற ஒன்பது பேரையும் தேடிப் பேசினார்கள். பரிசு போய்விடும் என்று பயந்தவர்கள் ஏழு பேர். கேட்காமல் திருத்தியதைக் கண்டித்து வட்டத்துக்கு எழுதிய கடிதத்தில் கையெழுத்துப் போட்டவர்கள் ஆக்னஸையும் நீலாவையும் சேர்த்து நான்கு பேர். பதிலே வரவில்லை.

அடுத்த வருஷ அறிவிப்பு வந்தபோது சபீனா அதை எங்கிருந்தோ பிடித்து அனுப்பினாள். ஒன்பதாவது விதி மாறியிருந்தது: 'எழுதியவரின் ஒப்புதலோடு மட்டுமே திருத்தம் செய்யப்படும்.' ஏன் மாறியது என்று ஒரு வரி இல்லை. மன்னிப்பும் இல்லை. இருவர் மீதான தடையும் நீங்கவில்லை.

"ஜெயிச்சிட்டீங்கக்கா! இப்பமாச்சும் கோவம் போச்சா?" என்று சபீனா போனில் கேட்டாள்.

"கைக்குப் போவணும்?" என்றாள் ஆக்னஸ். "புதுசா எழுதறவங்களுக்கு விதி ஆச்சு. எனக்கு இன்னா ஆச்சு? கடையில இன்னும் அந்தப் புக்கு பெரம்பூர்னுதானே விக்குது."

போனை வைத்துவிட்டு, ரத்தம் கொடுக்கக் காத்திருந்த அடுத்த ஆளின் பெயரைக் கூப்பிட்டாள்.